சீனாச் சாமான்மேல் போட்ட பழி

"சீனத்து வண்டியொன்று சிறுகச் சிறுகச் சதிசெய்து
ஏனப்பா உம்மையந்த எமனிடத்தில் சேர்த்ததுவோ."

மாஸ்ரர் இந்த இரண்டு வரியையும் ராகம் போட்டு வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அம்மாதான் அழுதார். நான் மேசையில் இருந்த பசைப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பாரிசின் லாச்சப்பலில் ஒரு புடவைக்கடையின் பின்னறை அது. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோம். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று பாட்டுகள். புலம்புகிறவர்கள் அதை எழுதுவதில்லை. மாஸ்ரர் போன்ற ஒருவர் எழுதித் தருவார். எப்படிச் செத்தவர், என்ன வேலை செய்தவர், என்ன கறி விருப்பம் என்று குடும்பத்திடம் கேட்டுக்கொள்வார். பிறகு அது எங்கள் வாயால் வந்தது போலப் பாட்டாகிவிடும். மகன் புலம்பல் என்று போட்டிருந்தால் அது நான் சொன்னது. நான் ஒரே பிள்ளை.

அந்த இரண்டு வரியும் பொய். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். வியாழக்கிழமை அச்சுக்குப் போகும், அதற்குள் பிழை இருந்தால் சொல்லுங்கோ என்றார் மாஸ்ரர். அன்றைக்குத் திங்கட்கிழமை. மூன்று நாளுக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால், அப்பா ஒரு மலிவுச் சாமானை வாங்கி அதனாலேயே செத்தார் என்பது என் பெயரிலேயே அச்சில் ஏறிவிடும்.

அப்பா ஒபர்வில்லியேயில் உடுப்பு மொத்தமாக விற்கும் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்கினார். அங்கே வேலையை விட்டுப் போன ஒருவரிடம் வாங்கியதுதான் அந்த மோட்டார் சைக்கிள். நூற்றிருபத்தைந்து சி.சி., சீனாவில் செய்தது. கறுப்பு நிறம், பக்கத்தில் சிவப்புக் கோடு. எங்கள் வீட்டிலிருந்து கிட்டங்கிக்கு அதிக தூரமில்லை. ஆனால் விடிய ஐந்து மணிக்குப் பெட்டி வந்துவிடும். அந்த நேரத்துப் பஸ்ஸை நம்ப முடியாது என்றார்.

சீனா மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது ஓட ஓடத் தானாகக் கழன்றுகொள்ளும். ஒருநாள் இலக்கத்தகடு விழுந்தது. ஒருநாள் பின் சமிக்ஞை விளக்கு வயரில் தொங்கிக்கொண்டு வந்தது. பெற்றோல் காட்டும் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். தாங்கி நிரம்பியிருந்தாலும் பாதி, வற்றினாலும் பாதி. அப்பா இதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. ஞாயிறு காலையில் எங்கள் கட்டிடத்து முற்றத்தில் ஒரு கடதாசி மட்டையைப் போட்டுக் குந்தியிருந்து, முன்சில்லில் தொடங்கிப் பின்சில்லு வரை ஒவ்வொரு ஆணியாக இறுக்குவார். காபரேட்டரின் சின்னத் துளை அடைத்தால் பழைய பிறேக் வயரில் ஒரு இழையை உருவி அதால் குத்துவார். சங்கிலி தொய்ந்தால் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து அளவு சொல்லுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள். கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம்.

அந்தக் காலத்துப் பழக்கம் சிலது இங்கேயும் அவரை விடவில்லை. குளிர்காலத்தில் பிளக்கைக் கழற்றிக்கொண்டு மேலே வந்து காஸ் அடுப்பில் சூடுகாட்டுவார். பக்கத்து அடுப்பில் அம்மாவின் மீன்கறி கொதிக்கும்.

"இஞ்சாருங்கோ, உதென்ன அடுப்பிலை?"

"பிளக்."

"கறிக்குள்ளை விழுந்தா?"

"விழுந்தா எடுத்து நல்லாத் துடைச்சுப் பாவிக்கலாம்."

"பிளக்கைச் சொல்லுறியளோ, கறியைச் சொல்லுறியளோ?"

இன்னொரு பழக்கம், இரண்டு லீற்றருக்கு மேல் பெற்றோல் ஊற்றமாட்டார். செவ்வாய்க்கிழமை வேலை முடிய இரண்டு லீற்றர், சனிக்கிழமை இரண்டு லீற்றர். ஊரில் தெருவோரம் போத்தலில் வாங்கி ஊற்றியவர்களுக்குத் தாங்கி நிரம்பியிருப்பது ஏதோ தப்புப் போலத் தெரியும் என்று நினைக்கிறேன். பாரிசில் பெற்றோல் செற்றுக்குப் போய் இரண்டு லீற்றர் ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். வரிசையில் பின்னால் நிற்கிறவன் பார்க்கிற பார்வையில் எனக்கு உடம்பு கூசும்.

அந்த மோட்டார் சைக்கிளுக்குத் தாங்கியின் கீழே ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பிடி. ஒரு பக்கம் திருப்பினால் சாதாரணமாக ஓடும். பெற்றோல் குறைந்து எஞ்சின் திக்கினால் மற்றப் பக்கம் திருப்பவேண்டும், அடியில் ஒதுங்கிக் கிடக்கும் மிச்சம் வரும். அதற்கு றிசேவ் என்று பெயர். அப்பா றிசேவை ஒருநாளும் தொட்டதில்லை. "அது ஆரையும் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏத்த வைக்கிறது" என்பார். முள் வேலை செய்யாவிட்டாலும் அவருக்கு அந்த மிச்சத்தில் நம்பிக்கை இருந்தது.

எனக்கு அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டால் வெட்கம். நான் லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்தது. பதினைந்து வயதில் இங்கே வந்த பிறகு ஒரு வருசம் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒன்றும் விளங்காமல் விட்டுவிட்டேன். படித்தவர்கள் காட்டுவதற்குக் கடதாசி வைத்திருப்பார்கள். எங்களுக்கு என்ன உடுப்பு, என்ன போன், எதில் வந்து இறங்குகிறோம் என்பதுதான். என் கூட்டாளிகள் இரண்டு பேரிடம் ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது.

"டேய், உங்கட அப்பா வாறார்."

"எங்கை?"

"தெரியேல்லை, சத்தம் கேக்குது. இன்னும் ரெண்டு சிக்னல் தள்ளி நிக்கிறார் போல."

"மச்சான், உண்மையைச் சொல்லு. தையல் மெசினுக்குச் சில்லுப் பூட்டினதுதானே அது?"

நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பா கடைவாசலில் நிறுத்திக் கையைக் காட்டினால், சந்திக்கு அங்கால் நிறுத்துங்கோ, இங்கே சாமான் இறக்கவேண்டும் என்று சொல்லுவேன். சாமான் ஒன்றும் வராது. ஒருமுறை தாங்கியில் இருந்த சீனாப் பெயரை மறைத்து ஒரு ஜப்பான் பெயரை வாங்கி ஒட்டினேன். அடுத்த ஞாயிறு அப்பா அதைச் சுடுதண்ணீர் போட்டு உரித்தெடுத்தார். ஏசவில்லை. "இதுக்கும் ஒரு பேர் இருக்குத்தானே. பிறகேன் மற்றவன்ர பேர்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படி வெட்கப்பட்ட நான்தான், அப்பா சாவதற்கு இரண்டு நாள் முதல், ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். நகரத்துக்கு வெளியே, தூரத்தில், லெ பிளாங்-மெனிலில் ஒரு கூட்டாளியின் பிறந்தநாள். ரயில் பாதையில் வேலை நடந்ததால் ரயில் இல்லை. அப்பாவிடம் பக்கத்தில் ஒரு இடம் போய்வருகிறேன் என்று சொன்னேன். அங்கே போய் இரண்டு தெரு தள்ளி ஒரு மதிலோரம் நிறுத்திவிட்டு நடந்து போனேன், யாரும் பார்க்கக்கூடாது என்று. திரும்பி வரும்போது திரான்சி தாண்டவும் எஞ்சின் திக்கியது. குனிந்து குழாயை றிசேவுக்குத் திருப்பினேன். ஓடியது. வீட்டுக்கு வந்து நிறுத்தினேன். நாளைக்கு ஊற்றுவோம் என்று நினைத்தேன். பிடியைத் திருப்பி வைக்கவும் இல்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை அந்த நினைப்பே எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணியிருக்கும். கடையில் ஆறுதல் நேரம். சந்தியில் இருந்த கடையில் கூட்டாளிகளோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அப்பா. அந்த நேரத்தில் அப்பா அடித்தால் ஒரே ஒரு காரணம்தான், மோட்டார் சைக்கிள் எங்கேயோ நின்றுவிட்டது, வந்து தள்ளு. இதற்கு முதல் இரண்டு தடவை போயிருக்கிறேன். அவர் முன்னால் பிடிக்க நான் பின்னால் தள்ள, தெருவெல்லாம் எங்கள் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். அது மேசையில் கிடந்து உறுமியது.

"ஆரடா?"

"கொம்பனி விளம்பரம்" என்றேன்.

மூன்று தரம் அடித்தது. பிறகு நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

போர்த் து லா சப்பலில் இருந்து எங்கள் பக்கம் வரும் தெருவை யாரும் ஏற்றம் என்று சொல்லமாட்டார்கள். நடந்து வந்தால் தெரியாது. நூற்றைம்பது கிலோவைத் தள்ளிக்கொண்டு வந்தால் தெரியும். அப்பா முக்கால்வாசித் தூரம் தள்ளியிருக்கிறார். நான் வேலை செய்யும் கடையின் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு மருந்துக்கடை வாசலில் மோட்டார் சைக்கிளை ஒழுங்காகக் கால் போட்டு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த படியில் இருந்தாராம். மருந்துக்கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் தலை சாய்ந்திருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது.

அடுத்தநாள் மோட்டார் சைக்கிளை எடுக்க நான் போனேன். அது நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது. குனிந்து பார்த்தேன். குழாயின் பிடி றிசேவில் இருந்தது. தாங்கியின் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் வாங்கிக்கொண்டு வந்து ஊற்றினேன். பொத்தானை அழுத்த இரண்டாம் தரமே கிளம்பியது. ஒரு பிழையும் இல்லை. அவர் இறுக்கிய ஆணிகள் எல்லாம் இறுகியபடி இருந்தன.

நான் எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஓடக்கூடிய மோட்டார் சைக்கிளை எல்லோரும் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் ஓட்டிக்கொண்டு வந்தால், அப்படியானால் ஏன் நின்றது என்று யாராவது கேட்பார்கள். வழியில் ஒரு கடைக்காரர் வெளியே வந்து, "தம்பி, இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் குப்பையிலை எறி" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தச் சொல் அப்போதே ஊரெல்லாம் பரவியிருந்தது. சீனாச் சாமான் நடுத்தெருவில் நின்றது, மனிசன் தள்ளித் தள்ளியே செத்தார். செத்தவீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் கொள்ளிக்குரிய பிள்ளை, தலைகுனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, முற்றத்துக்கு இறங்கப் போகிறார் என்று தெரிந்தது. அவர் திரான்சியில் இருக்கிறவர். மோட்டார் சைக்கிளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முதல் இறங்கிப் போனேன். இருக்கையைத் தூக்கினால் கீழே காற்று இழுக்கும் வாய் இருக்கும். அப்பா கை துடைக்கும் துணியைச் சுருட்டி அதற்குள் அடைத்தேன். இருக்கையை மூடினேன்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பக்கத்து வீட்டு அண்ணையும் கூட வந்தார்.

"எங்கை, ஒருக்கா ஸ்ராட் பண்ணு பாப்பம்."

இருமி, கரும்புகை கக்கி, நின்றது.

"பாத்தியே! இதுதான் அண்ணையைக் கொன்றது."

"பிளக்கைக் கழட்டுங்கோ, பிளக்கைக் கழட்டினாத் தெரியும்" என்றார் அந்த அண்ணை.

கழற்றினார்கள். கரி பிடித்துக் கறுத்து ஈரமாக இருந்தது.

"ஐயோ, அடுப்புக்குள்ளை இருந்து எடுத்த மாதிரி. காபரேட்டருக்குள்ளை ஊத்தை இருக்கு."

"காபரேட்டரே ஊத்தைதான். சோடா மூடியை உருக்கிச் செய்திருப்பாங்கள்."

"தம்பி, பத்தாம் நம்பர் ஸ்பனரைத் தா."

நான் கொடுத்தேன். அவர்கள் காபரேட்டரைக் கழற்றினார்கள், ஊதினார்கள், பெற்றோலில் கழுவினார்கள். அது மினுமினுவென்று இருந்தது. அப்பா சாவதற்கு முந்திய ஞாயிறுதான் கழுவியவர். திரும்பப் பூட்டி அழுத்தினார்கள். திரும்பவும் புகை. ஒரு மணித்தியாலம் அந்தச் சண்டை நடந்தது. சித்தப்பாவின் வேட்டியெல்லாம் கிறீஸ். நான் ஒவ்வொரு ஸ்பனராக எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அண்ணை கஞ்சப்பட்டுத்தான் செத்தவர். ஒரு ஜப்பான் சாமானை வாங்கியிருந்தா இண்டைக்கு எங்களோடை இருந்து சாப்பிட்டிருப்பார்."

அம்மா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவின் படத்துக்கு விளக்கு ஏற்றும்போது அம்மா படத்தோடு சண்டை போடுவார். "சொன்னனான்தானே, உது வேண்டாம் எண்டு. கேட்டனீங்களே? உங்கட உயிருக்கு ஒரு நல்ல சாமான் வாங்க உங்களுக்கு மனம் வரேல்லை." நான் பக்கத்து அறையில் போர்வைக்குள் இருந்து கேட்பேன். அப்பா தன்னுடைய செலவில் கஞ்சன், உண்மை. எனக்குப் போன் வாங்கித் தந்தது யார்?

அந்த நாட்களில்தான் அம்மா மாஸ்ரரிடம் போனார். எப்படி இறந்தவர் என்று மாஸ்ரர் கேட்டபோது அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அது பாட்டாகிவிட்டது.

செவ்வாய் முழுக்க நான் சொல்லவில்லை. கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியை அடுக்கும்போதும் அந்த வரிதான் வாயில் வந்தது. ராகத்தோடு வந்தது. புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. அம்மா மேசையில் கல்வெட்டுத் தாள்களை வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ரெண்டு வரியையும் எடுக்கச் சொல்லுங்கோ."

"எது?"

"சீனத்து வண்டி."

"ஏன், நல்லாத்தானே எழுதியிருக்கிறார்."

"அதிலை பிழையில்லை அம்மா."

"எழுத்திலையோ?"

"மோட்டச்சைக்கிளிலை."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நான் நின்றபடியே சொன்னேன். லெ பிளாங்-மெனில் போனது, திக்கியது, குழாயைத் திருப்பியது, மறந்தது. துணி அடைத்ததையும் சொன்னேன். போன் வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அம்மா இடைமறித்தார்.

"அது எனக்குத் தெரியும்."

"என்ன?"

"அவற்ரை போன் என்னட்டைத்தானே தந்தவங்கள். மூண்டு தரம் உனக்கு அடிச்சது கிடந்தது. நான் அதை ஆருக்கும் காட்டேல்லை."

முப்பது நாள் அது தெரிந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட்டால் நல்லது போல இருந்தது.

அம்மா கேட்டார். "குழாய் எங்கை நிண்டது எண்டு அவர் பாத்திருப்பார்தானே?"

"பாத்திருப்பார். நிண்டால் முதல்லை கை அங்கைதான் போகும்."

"அப்ப நீதான் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் உனக்கு அடிச்சிருக்கிறார்."

"ஓம்."

"ஏசுறதுக்கு அடிச்சிருக்கமாட்டார்" என்றார் அம்மா. "ரெண்டு லீற்றர் வாங்கிக்கொண்டு வாடா எண்டிருப்பார். அவ்வளவுதான்."

நான் அழுதேன். அம்மா என்னைத் தொடவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, ஓட்டிக் காட்டு" என்றார்.

முற்றத்தில் நான் இருக்கையைத் தூக்கித் துணியை இழுத்தெடுத்தேன். பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். முதலில் கொஞ்சம் புகை. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அம்மா குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். ஒருதரமும் அருகில் வரவில்லை. மேல் மாடியில் ஒரு பெண் யன்னலைத் திறந்து பிரெஞ்சில் சத்தம் போட்டார். அம்மா அசையவில்லை.

"நிப்பாட்டு" என்றார் பிறகு. "பாவம் அந்த மனிசன். மூண்டு கிழமையா நான் ஏசின ஏச்சு."

படியேறும்போது திரும்பாமல் சொன்னார். "சித்தப்பாவுக்கு நீதான் சொல்லவேணும். எனக்காகச் சொல்லவேண்டாம், அப்பாவுக்காகச் சொல்லு. நான் சொல்லமாட்டன்."

வியாழக்கிழமை காலை மாஸ்ரரிடம் நான் தனியாகப் போனேன்.

"தம்பி, எதுகை என்ன மாதிரி வந்திருக்கு பார். சீன, ஏன. எடுத்தால் முழுப்பாட்டும் நொண்டும்."

"அது உண்மையில்லை மாஸ்ரர்."

"உண்மையோ? புலம்பல் எண்டால் ஆரையாவது குற்றஞ்சொல்லத்தான் வேணும். எமனைச் சொல்லலாம், விதியைச் சொல்லலாம், வண்டியைச் சொல்லலாம். ஒருத்தரையும் சொல்லாமல் எப்பிடிப் புலம்புறது?"

"அப்ப என்னைப் போடுங்கோ."

மாஸ்ரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "கல்வெட்டிலை பிள்ளையைக் குற்றஞ்சொல்லி நான் எழுதினதில்லை, எழுதவும் மாட்டன்" என்றார். பேனையை எடுத்து, சீனத்து வண்டியொன்று என்பதை வெட்டி, வானத்து விதியொன்று என்று மாற்றினார். "எதுகையும் தப்பிச்சுது" என்றார். சிறுகச் சிறுகச் சதிசெய்து என்பது அப்படியே இருந்தது. விதியும் அப்படிச் செய்யுமாம்.

முப்பத்தோராம் நாள் வேலைநாளில் வந்ததால் அந்தியேட்டியைச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருந்தோம். திரான்சியில் ஒரு மண்டபம். ஐயர் கிரியைகள் முடித்துப் போன பிறகு சாப்பாடு தொடங்கியது. நான் வாசலில் நின்று கல்வெட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து சித்தப்பாவின் பின்னால் மூன்று தடவை போனேன். ஒருதடவை மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருதடவை கார் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவ்வளவு பயம் எனக்கு.

சித்தப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்து என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். சுவிசிலிருந்து வந்த உறவுக்காரர் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் செத்தவீட்டுக்கு வராதவர்கள். எப்படி நடந்தது என்று கேட்டார்கள்.

"என்னத்தைச் சொல்ல" என்று சித்தப்பா தொடங்கினார். "அண்ணை ஒரு சீனாச் சாமானை வாங்கி..."

"இல்லைச் சித்தப்பா" என்றேன்.

"என்ன இல்லை?"

"அது நல்லா ஓடினது. பெற்றோல் இல்லாமல்தான் நிண்டது. நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய் றிசேவையும் முடிச்சுப்போட்டுச் சொல்லாமல் விட்டனான். அப்பா போன் அடிச்சவர். நான் எடுக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதை. நாங்கள்தானே கழட்டிப் பாத்தனாங்கள். பிளக் எவ்வளவு கரி."

"காத்துப் போற வாய்க்குள்ளை துணி அடைச்சிருந்தனான். உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு."

அவருடைய கை என் தோளில்தான் இருந்தது. அதன் பாரம் குறைவது எனக்குத் தெரிந்தது. பிறகு கையை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்தார். ஈரம் இருந்ததோ இல்லையோ தெரியாது. ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லது.

அவர் என்னை விட்டுவிட்டு அந்த உறவுக்காரர் பக்கம் திரும்பி, மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னார். "அண்ணை வாங்கின மோட்டச்சைக்கிளிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் தெரியாமல் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். அண்ணை நல்ல சாமான்தான் வாங்கினவர், நல்லாத்தான் வைச்சிருந்தவர்."

அப்படியானால் பிழை எங்கே என்று அவர் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.